ஏர்பேக் வயரைப் புடுங்கலாமா? மடியில் குழந்தையோடு முன் சீட்டில் போகிறவர்கள் கவனிக்க!

சென்னை:
உயிரைக் காப்பாற்றத்தான் காரில் ஏர்பேக் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையே குழந்தையின் உயிரைப் பறித்துவிட்டது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கிறவர்களுக்கு நெஞ்சு பதறுகிறது. வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். "இந்தச் சனியனே வேணாம்ப்பா, வயரைப் புடுங்கி விட்டுடு" என்று மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்.

வயரைப் புடுங்குவது பத்து நிமிட வேலையாக இருக்கலாம். ஆனால் அது சரியா? சட்டம் அனுமதிக்கிறதா? குழந்தைக்கு ஆபத்து நிஜமாகவே நீங்குகிறதா?

3 சாவுகள்

2025 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே நடந்தது பலருக்கு நினைவிருக்கும். முன் சீட்டில் அப்பா மடியில் 7 வயதுச் சிறுவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் போன காரில் இவர்கள் கார் மோதியது. ஏர்பேக் 'டப்' என்று விரிந்தது. சிறுவன் பிழைக்கவில்லை.

அதற்கு முந்தின ஆண்டு, 2024 செப்டம்பரில், கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் 2 வயதுப் பெண் குழந்தை இதேபோல் பலியானது. அது இருந்தது அம்மா மடியில். அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பை வாஷியில் 6 வயதுச் சிறுவன் இறந்தான்.

ஊர் வேறு, கார் வேறு, விபத்து நடந்த விதமும் வேறு. ஒன்று மட்டும் மூன்றிலும் ஒன்றுதான். குழந்தை இருந்தது முன் சீட்டில்.

இதை விட்டுவிட்டு ஏர்பேக்கை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை.

கண் இமைக்க நேரமில்லை

'கண் இமைக்கும் நேரத்தில்' என்று சொல்வார்கள். ஏர்பேக்குக்கு அதுவே ரொம்ப அதிக நேரம். கார் மோதியதும் சென்சார் அதை உணர்ந்து, சின்ன வெடிமருந்து ஒன்றைப் பற்றவைக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வாயு பையை நிரப்புகிறது. எல்லாம் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். பை வெளியே வரும் வேகம் மணிக்கு 300 கிலோ மீட்டர் வரை போகும். விரிந்த கையோடு பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்று இறங்கிவிடும். வந்து விழுகிற தலையை மெத்தை போல் தாங்கிக்கொள்ளும்.

வளர்ந்த ஆள் பெல்ட் போட்டு, சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அவர் முகம் போய்ச் சேருவதற்குள் பை முழுக்க விரிந்து காத்திருக்கும். அப்போது அது மெத்தை.

விரிந்துகொண்டே இருக்கும்போது பக்கத்தில் எது இருந்தாலும் அது மெத்தை இல்லை, சம்மட்டி.

மடியில் உட்கார்ந்த குழந்தையின் தலை டேஷ்போர்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று வீட்டில் நிற்கிற காரிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஜாண், ஒன்றரை ஜாண் இருந்தால் அதிகம். பிரேக் அடித்ததும் அதுவும் போய்விடும். பின்னால் இருக்கும் பெரியவரின் எடை வேறு குழந்தையை முன்னால் தள்ளும். பையும் ஆளும் நசுக்குகிற இடத்தில் குழந்தை.

"நான்தான் கெட்டியா புடிச்சிருக்கேனே" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. பாசம் நிஜம்தான். ஆனால் 50 கிலோ மீட்டர் வேகத்தில் மோதும்போது 10 கிலோ குழந்தை கையில் பல நூறு கிலோவாகக் கனக்கும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. ஏர்பேக்கே இல்லாத காராக இருந்தாலும் அந்தக் குழந்தை நேராகப் போய் டேஷ்போர்டில் அல்லது கண்ணாடியில்தான் மோதும்.

வயரைப் புடுங்கினால் குழந்தை தப்பிக்கும் என்கிற கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஒரு ஆபத்து போய் இன்னொரு ஆபத்து வருகிறது, அவ்வளவுதான்.

அம்பாசடர் காலத்துப் பழக்கம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அம்பாசடரிலும் பியட்டிலும் முன்னால் பெஞ்சு மாதிரி நீளச் சீட்டு. டிரைவரோடு இரண்டு பேர், மடியில் பிள்ளைகள். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மாருதி 800 வந்த பிறகும் அதே கதைதான். அந்தக் கார்களில் டேஷ்போர்டுக்குள் பை எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

கார் மாறிவிட்டது. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். 2022 ஜனவரி முதல் பக்கத்துச் சீட்டுக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. சாதாரண குடும்பம் தவணையில் வாங்குகிற சின்ன காரிலும் இப்போது இரண்டு பை உண்டு. உட்காருகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

காருக்கு 6 ஏர்பேக் கட்டாயம் ஆக்கப் போகிறோம் என்று 2022-ல் மத்திய அரசு சொன்னது. 2023-ல் வேண்டாம் என்று விட்டுவிட்டது. எத்தனை பை என்பதைப் பற்றி அத்தனை பேச்சு நடந்தது. பை இருக்கிற சீட்டில் பிள்ளையை உட்கார வைக்காதே என்பதை அந்த அளவுக்கு உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. வெயில் மறைப்புப் பலகையில் குழந்தைப் படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு அடித்த ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது ஒரு எச்சரிக்கை. அதையும் "அசிங்கமா இருக்கு" என்று உரித்துப் போடுகிறவர்கள் உண்டு.

அமெரிக்கா பட்ட பாடு

இந்தச் சிக்கலை 30 ஆண்டுக்கு முன்பே அனுபவித்த நாடு அமெரிக்கா. அங்கே ஜனங்கள் சீட் பெல்ட் போட மறுத்த காலம் ஒன்று இருந்தது. பெல்ட் போடாத வாட்டசாட்டமான ஆளையும் காப்பாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு, பைகளைப் படு வேகமாக விரிகிற மாதிரி செய்தார்கள். அந்த வேகத்தைப் பச்சைக் குழந்தைகளும், ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் குள்ளமான பெண்களும் தாங்கவில்லை. மெதுவாக நடந்த சில்லறை மோதல்களில்கூடச் சாவு விழுந்தது. 1990 முதல் 2008 வரை இப்படி 290-க்கும் மேற்பட்டவர்கள் பலி. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள்.

நாடே கொதித்தது. "எங்கள் காரில் பை வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று மனுக்கள் குவிந்தன. அங்கத்திய சாலைப் பாதுகாப்புத் துறை 1997 நவம்பரில் ஒரு வழி செய்தது. பையை எடுக்க வேண்டாம், தேவையானவர்கள் சுவிட்சு வைத்துக்கொள்ளலாம் என்றது. 1998 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

சும்மா கேட்டால் கிடைக்காது. மனுப் போட வேண்டும். காரணம் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். பின் சீட்டே இல்லாத வண்டியில் கைக்குழந்தையை ஏற்றிச் செல்வோர், 1 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளையை முன்னால் உட்கார வைத்தே தீர வேண்டியவர், ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் 10 அங்குல இடைவெளி வைக்கவே முடியாத டிரைவர், உடல்நிலை காரணமாக டாக்டர் சொன்னவர். இவர்களுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் வரும். அதைக் காட்டினால் ஒர்க்ஷாப்பில் சுவிட்சு வைப்பார்கள். கடிதம் இல்லாமல் ஒர்க்ஷாப்காரர் கை வைத்தால் குற்றம். வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர் தானே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்றினால் அந்த மத்தியச் சட்டம் அவரைப் பிடிக்காது!

உடல்நிலைக் காரணத்தையும் டாக்டர்கள் கூடி அலசினார்கள். கண்ணாடி போட்டவர், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி என்று பட்டியல் நீண்டது. இவர்களில் யாருக்கும் பையை அணைக்கத் தேவையில்லை என்றே 1997-ல் முடிவு சொன்னார்கள். கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு அடியில் போட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

பையின் வேகத்தையும் பிறகு குறைத்தார்கள். சீட்டில் இருப்பது சின்ன ஆளா, பெரிய ஆளா என்று எடையைப் பார்த்துத் தானே அணைந்துகொள்ளும் பைகளும் வந்தன. அந்தச் சாவுகளில் பத்தில் ஒன்பது 1998-க்கு முந்தைய கார்களில் நடந்தவை. இன்னொரு பக்கம், 1987 முதல் 2017 வரை முன்பக்க ஏர்பேக் காப்பாற்றிய உயிர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல் என்பது அந்த நாட்டு அரசின் கணக்கு. 290-ஐயும் 50 ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயரைப் புடுங்கக் கை வராது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவைப் போல மனுப் போட்டு ஏர்பேக்கை அணைக்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. "ஆர்.சி.யில் ஏர்பேக்னு ஒரு கட்டமே இல்லையே சார், எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே வந்தது போல் இருக்கிறது 2019-ல் சேர்த்த 182-ஏ பிரிவு. அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். சட்டப்படி கட்டாயம் இருக்க வேண்டிய பையைச் செத்த பையாக்கினால் இந்தப் பிரிவு பாயும்.

டிராபிக் போலீஸ்காரர் மடக்கி ஏர்பேக் வயரைப் பார்க்கப் போவதில்லை என்பது உண்மை. வினை வருவது விபத்துக்குப் பிறகு. மோதின காரில் பை ஏன் விரியவில்லை என்று இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். வயரைக் கழற்றியது தெரிந்தால் கிளெய்முக்குச் சிக்கல். அந்தக் காரில் வந்த இன்னொருத்தர் உயிர் போயிருந்தால் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

சாவி போட்டு அணைப்பது வேறு

எல்லா அணைப்பும் குற்றம் இல்லை. பல கார்களில் கம்பெனியே ஒரு சுவிட்சு வைத்துக் கொடுக்கிறது. இடது பக்கக் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் ஓரத்தில் சாவி நுழைகிற மாதிரி சின்னத் துவாரம் இருக்கும். திருப்பினால் பக்கத்துச் சீட்டு ஏர்பேக் மட்டும் அணையும். 'ஆப்' என்று ஒரு விளக்கு எரியும். சில கார்களில் திரையில் தொட்டு அணைக்கிற வசதி.

இது எதற்கு? குழந்தையின் முதுகு காரின் முன்பக்கம் பார்த்திருக்கும்படி வைக்கிற கைக்குழந்தைச் சீட்டு இருக்கிறதே, அதை வேறு வழியே இல்லாமல் முன் சீட்டில் மாட்ட வேண்டி வந்தால், அப்போது பை அணைந்தே ஆக வேண்டும். பை விரிந்தால் நேராக அந்தச் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அடிக்கும். ஐரோப்பாவில் பையை அணைக்காமல் அப்படிச் சீட்டு மாட்டுவதே சட்டப்படி தடை.

ஏர்பேக்கை அணைப்பது நியாயம் என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் நம் ஊர்க் குடும்பத்துக்கு அநேகமாக இது ஒன்றுதான். குழந்தையை இறக்கிவிட்டு மனைவியோ அப்பாவோ அந்தச் சீட்டில் ஏறினால் மறுபடி சாவியைத் திருப்ப மறக்கக் கூடாது. மறந்தால் பெரியவருக்குப் பை கிடையாது.

சுவிட்சு இல்லாத காரா? அதைவிடச் சுலபம். குழந்தைச் சீட்டைப் பின்னால் மாட்டிவிடலாம். ஒரு பைசா செலவில்லை, ஆர்.டி.ஓ. பயமும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறீர்களா?

வயரைப் புடுங்கினது தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. ஒரு தடவை விரிந்த பையைத் திரும்ப மடித்து வைக்க முடியாது. புதுப் பை, டேஷ்போர்டு, பெல்ட், கம்ப்யூட்டர் பெட்டி என்று செலவு எங்கோ போகும். அதற்குப் பயந்து வெறும் மூடியை ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி விற்கிற தில்லுமுல்லு உலகம் முழுக்க நடக்கிறது. பார்த்தால் புதுசு. உள்ளே ஒன்றும் இல்லை.

சாவியைப் போட்டு 'ஆன்' செய்ததும் மீட்டரில் ஏர்பேக் படம் போட்ட விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. ஒரேயடியாக எரியாமலே இருந்தால் அதைவிடச் சந்தேகம், யாரோ பல்பையே கழற்றியிருக்கலாம். ரெசிஸ்டர் சொருகினதை விளக்கு காட்டாது. அதனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பதும், பழைய விபத்து கிளெய்ம் விவரம் கேட்பதும் நல்லது.

இன்னொரு வகை ஏர்பேக்கும் உண்டு, அது உண்மையிலேயே பயங்கரம். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த பைகளில் வெடிமருந்து வெயிலும் ஈரமும் பட்டுப்பட்டுக் கெட்டுப்போனது. மோதும்போது இரும்புத் துண்டுகள் தெறித்து ஆட்களைக் கொன்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் பைகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி 2017-ல் திவால். இந்தியாவிலும் அந்தப் பை உள்ள கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் சேசிஸ் நம்பரைக் கம்பெனியில் கொடுத்துக் கேட்டால் தெரியும். இருந்தால் இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இதையும் தெருமுனையில் கழற்றக் கூடாது. உள்ளே இருப்பது வெடிமருந்து.

தெரியாமலே செய்கிற காரியங்கள்

வயரைத் தொடாமலே பையைக் கெடுக்கிற வழிகளும் இருக்கின்றன.

ஜி.பி. ரோடு பக்கம் போனால் காருக்கு எந்த அலங்காரமும் கிடைக்கும். இரும்புக் கிராஷ் கார்டு மாட்டினால் மோதலின் அதிர்வு சென்சாருக்கு முறையாகப் போகாது, பை தாமதிக்கலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்குத் தடை சொல்லிவிட்டது. சீட்டின் பக்கவாட்டில் பை உள்ள கார்களில் கெட்டி ரெக்சின் உறை போட்டுத் தைத்தால் பை வெளியே வர வழியில்லை.

பிள்ளையார் விஷயமும் இருக்கிறது. புதுக் கார் எடுத்ததும் டேஷ்போர்டில் சாமி சிலை ஒட்டாதவர்கள் நம் ஊரில் குறைவு. ஒட்டுகிற இடம் பெரும்பாலும் இடது பக்கம், 'ஏர்பேக்' என்று எழுதின மூடிக்கு மேலேயே. பை கிளம்பினால் அந்தச் சிலை கல் மாதிரி முகத்துக்குப் பாயும். சாமியை நடுவில் அல்லது ஓரத்தில் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது பெல்ட். பெல்ட் போடாமல் 'டிங் டிங்' சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப்பைச் சொருகி வைக்கிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்ட பிறகு ஆன்லைன் கடைகளிலிருந்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளிப் விளம்பரங்கள் நீக்கப்பட்டன. பெல்ட் போடாத ஆள் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்துவிடுவார். பை விரிகிற நேரத்தில் அவர் முகம் ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும். மடியில் இருந்த குழந்தைக்கு நடந்ததே அவருக்கும் நடக்கும். ஏர்பேக்கைப் பெல்ட்டுக்குத் துணையாகத்தான் செய்திருக்கிறார்கள், பெல்ட்டுக்குப் பதிலாக இல்லை.

குள்ளமானவர்களுக்கு

உயரம் குறைந்த பெண்கள் பெடல் எட்ட வேண்டும் என்று சீட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்டியரிங் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை 10 அங்குலம், அதாவது 25 சென்டி மீட்டர், இருந்தால் போதும். சீட்டின் முதுகைக் கொஞ்சம் சாய்த்தால், சீட்டை உயர்த்தினால், ஸ்டியரிங்கை முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்கினால் பெரும்பாலோருக்கு அந்த இடைவெளி கிடைத்துவிடும்.

பின் சீட்டிலும் பெல்ட்

பின்னால் உட்கார வைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்றும் இருக்க முடியாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஓட்டுகிறவருக்கு ரூ.1000 அபராதம் என்று 194-பி பிரிவு சொல்கிறது. முன் சீட்டு, பின் சீட்டு என்ற வித்தியாசமே அதில் இல்லை. ஹெல்மெட்டுக்கு மடக்குகிற அளவுக்கு இதற்கு மடக்குகிறார்களா என்பது ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

கால் டாக்சியில் ஏறும்போதும் இதே சட்டம்தான். மூன்று பேர் பின்னால் ஏறிவிட்டு, இடம் போதாமல் நாலாவது ஆள் மடியில் பிள்ளையோடு டிரைவர் பக்கத்தில் உட்காருவது தினமும் நடக்கிறது. அந்தக் காரிலும் டேஷ்போர்டுக்குள் பை இருக்கிறது. பிள்ளையைப் பின்னால் கொடுத்துவிட்டு, பெரியவர் ஒருவர் தனியாக முன்னால் வந்து பெல்ட் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும்.